லயத்து நாயும் ஆய்வுகூடமும்

மலையகத்தில் பொழுது புலரும் வேளையில் பிரட்டுக் களத்தை நோக்கி நடக்கும் தொழிலாளரோடு அவர்தம் நாய்களும் நடப்பது நாள்தோறும் காணும் காட்சியாகும். அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் உள்ள லயங்களில் நாயோ பூனையோ இல்லாத லயத்தைக் காண்பது அரிது. லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி உழுதுவிடாமற் காப்பது நாய்; வீட்டினுள் அரிசிச் சாக்கை எலி கடித்துவிடாமற் காப்பது பூனை. பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றிருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையாய் இருப்பவையும் இவையே. 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் அமைந்த பழைய லயத்து அறையில் மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. ஒரே முற்றம், ஒரே கான், ஒரே மண். இந்த நெருக்கத்தில் அன்பு வளர்கின்றது, நோயும் வளர்கின்றது.

இத்தகைய லயமொன்றில் ஒரு நாய்க்குட்டி நோயுற்றது என்று வைத்துக்கொள்ளலாம். மலம் இளகிப் போகின்றது. சில வேளை தார்போலக் கறுத்திருக்கின்றது. உரோமம் பொலிவிழக்கின்றது, வயிறு மட்டும் பெருத்து, விலா எலும்புகள் தெரிகின்றன. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு வெளிறியிருக்கின்றது. அயலவர் ஒருவர் இது சூட்டினால் வந்தது என்கின்றார். மற்றொருவர் எதையோ தின்றுவிட்டது என்கின்றார். மூன்றாமவர் கண்ணூறு என்று முடிவு கட்டுகின்றார். ஒருவர் மஞ்சளைக் கரைத்துக் கொடுக்க, வேறொருவர் கடையில் வாங்கிய மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுக்கின்றார். குட்டி பிழைத்தால் மருந்தின் பெருமை பேசப்படுகின்றது. இறந்தால் அதன் விதி என்று விடப்படுகின்றது. நோய் யாது என்ற வினாவுக்கு மட்டும் இறுதிவரை விடை கிடைப்பதில்லை.

விடை கிடையாமைக்குக் காரணம் எவருடைய அறிவுக் குறைவும் அன்று. குடல் தன் துன்பத்தை வெளியிடும் வழிகள் மிகச் சில. வாந்தி, கழிச்சல், மெலிவு, உணவில் வெறுப்பு ஆகிய நான்கைந்து குறிகளே அதற்கு உள்ளன. ஆனால் அக்குறிகளைத் தோற்றுவிக்கும் காரணங்களோ பல. குடற்புழு ஒரு காரணம். கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைக்கல உயிரி மற்றொரு காரணம். வைரசு வேறொரு காரணம். பழுதடைந்த உணவும், செரிமான நீரைச் சுரக்கும் சதையியின் கோளாறும் பிற காரணங்கள். தேர்ந்த மிருக வைத்தியரும் வெளிக்குறிகளை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த முறை. குடல்நோயைப் பொறுத்தவரை அந்த ஆராய்ச்சி நடைபெறும் இடம் ஆய்வுகூடம்.

ஆய்வுகூடம் என்றவுடன் பெரிய பொறிகளும் பெருஞ்செலவும் பலர் மனத்தில் தோன்றும். ஆயினும் குடல்நோய்ப் பரிசோதனைகளுள் முதன்மையானது ஒரு பாக்களவு மலமும், சிறிது உப்பும், ஒரு நுணுக்குக்காட்டியும் கொண்டு செய்யப்படுவது. கோழிமுட்டையை வெறும் நீரிலிட்டால் அது அமிழ்ந்துவிடும். உப்பை மிகுதியாகக் கரைத்த நீரிலிட்டால் மிதக்கும். இதனைச் சமையலறையில் கண்டவர் பலர். நீரின் அடர்த்தி மிகும்போது முட்டை மேலெழுகின்றது என்பதே இதன் விளக்கம். புழுவின் முட்டைக்கும் இவ்விதி பொருந்தும். 1921ஆம் ஆண்டில் வில்லிஸ் என்பவர், கொக்கிப்புழுவின் முட்டைகளை உப்பு நீரில் மிதக்கவிட்டுக் கண்டுபிடிக்கும் எளிய முறையொன்றை அவுஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் அம்முறையும் அதனை ஒத்த முறைகளும் உலகெங்கும் கையாளப்படுகின்றன.

செய்முறை இதுவாகும். சில கிராம் மலத்தை எடுத்து, இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் நன்றாகக் கலக்குவர். அக்கரைசல் வெறும் நீரைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தியுடையது. கலவையை வடித்து, சக்கையை நீக்கி, ஒரு சிறு குழாயில் விளிம்புவரை நிரப்பி, அதன் வாயில் மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைப்பர். கால் மணி நேரம் கழிய, முட்டைகள் மேலெழுந்து அக்கண்ணாடியின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், மெல்லிய ஓடும் முட்டை வடிவமும் கொண்டு, உள்ளே சில கலங்கள் திரண்டிருக்கும் கொக்கிப்புழு முட்டை தெளிவாகத் தோன்றும். அதன் நீளம் ஏறத்தாழ 60 மைக்கிரோமீற்றர். அத்தகைய முட்டைகள் 16ஐ நெடுக்காக வரிசைப்படுத்தினால் ஒரு மில்லிமீற்றர் நீளமே வரும். தடித்த, குழிகள் பொறித்த ஓடுடைய முட்டை உருண்டைப்புழுவினுடையது. இருமுனைகளிலும் மூடியிட்ட சிறு பீப்பாய் போன்றது சாட்டைப்புழுவினுடையது. இவ்வாறு முட்டையின் வடிவமே புழுவின் இனத்தைக் காட்டிக்கொடுக்கின்றது.

எல்லாம் மிதப்பதில்லை என்பதையும் ஆய்வுகூடத்தார் அறிவர். தட்டைப்புழுக்கள் சிலவற்றின் முட்டைகள் பாரமானவை. அவற்றை மிதக்கவிடாமல் அடியில் படியவைத்தே தேடவேண்டும். கழிச்சலை உண்டாக்கும் ஜியார்டியா என்னும் நுண்ணுயிரியின் கூடு கடும் உப்பு நீரிற் சுருங்கி உருக்குலைந்துவிடும்; அதற்கு நாகச் சல்பேற்றுக் கரைசலே ஏற்றது. அன்றியும் அவ்வுயிரி நாள்தோறும் மலத்தோடு வெளிவருவதில்லை. ஆதலின் ஒருநாள் மலத்தைப் பார்த்து இல்லை என்று முடிவு செய்யாது, சில நாள் இடைவெளிகளில் மூன்று முறை பார்ப்பது வழக்கம். எதைத் தேடுகின்றோம் என்பதைத் தெரிந்துகொண்டு தேடுவதே பரிசோதனைக் கலையின் முதற்பாடம்.

மலையகத்து நாய்க்குட்டியிடம் மீளலாம். அதன் முரசு வெளிறியிருந்தமைக்குப் பெரும்பாலும் காரணமாவது நாய்க் கொக்கிப்புழு. ஒரு சென்ரிமீற்றர் முதல் இரண்டு சென்ரிமீற்றர்வரை நீளமுள்ள இப்புழு, வளைந்த பற்களாற் சிறுகுடற் சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றது. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர் குருதியைப் போக்கக்கூடும். அளவு அற்பமாகத் தோன்றினும், நூறு புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 10 மில்லிலீற்றர் ஆகும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டியின் உடலிலுள்ள குருதி முழுவதுமே சில தேக்கரண்டி அளவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அது எத்துணை நாள் தாங்கும் என்பது விளங்கும்.

இங்கே பரிசோதனையின் வரம்பும் வெளிப்படுகின்றது. தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது குட்டி ஈன்றபின் பாலோடு கலந்து குட்டிகளின் வயிற்றைச் சேர்கின்றன. அவை வளர்ந்து முட்டையிட இரண்டு வாரங்களுக்கு மேலாகும். குருதியை உறிஞ்சுவதோ அதற்கு முன்னரே தொடங்கிவிடும். ஆதலால் இரண்டாம் மூன்றாம் வாரத்துக் குட்டியொன்று குருதிச்சோகையால் இறந்துகொண்டிருக்கும்போது அதன் மலத்தில் ஒரு முட்டையேனும் இல்லாதிருக்கலாம். முட்டை காணப்படவில்லை என்பது வேறு. புழு இல்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த வைத்தியர் குட்டியின் வயதையும் முரசின் நிறத்தையும் தாய் நாயின் நிலையையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்வார். ஆய்வுகூடம் சாட்சி கூறும் இடம். தீர்ப்புக் கூறுவது வைத்தியரின் அறிவு.

மண்ணில் விழுந்த முட்டைக்கு யாது நேர்கின்றது? ஈரமும் நிழலும் இளஞ்சூடும் வாய்த்தால் ஓரிரு நாட்களிற் பொரித்து, ஒரு வாரமளவில் தொற்றும் ஆற்றல் பெற்ற இளம்புழுவாகின்றது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர் அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். பள்ளத்தாக்குகளிலும் தாழ்ந்த தோட்டங்களிலும், தேயிலைச் செடிகளின் நிழலும் மழையின் ஈரமும் அதற்கு இதமானவை. அங்கே வெறுங்காலோடு நிற்கும் உயிருக்காக அது காத்திருக்கின்றது.

தோலைத் துளைத்து உடலுட் புகும் இவ்வியல்பு கண்டுபிடிக்கப்பட்டதும் ஓர் ஆய்வுகூடத்தில்தான். எகிப்தின் கெய்ரோ நகரில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லோஸ், மனிதக் கொக்கிப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இளம்புழுக்கள் நிறைந்த நீர்த்துளியொன்று அவருடைய கையில் விழுந்தது. அவ்விடம் சிவந்து அரித்தது. சில வாரங்களின் பின்னர் அவர் தம் மலத்தைப் பரிசோதித்தார். அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. அசுத்த உணவினால் மட்டுமே இப்புழு பரவுகின்றது என்று கருதியிருந்த காலத்தில், தோல் வழியாகவும் பரவுமென்பதை 1898ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

இந்த லோஸ் என்பாருக்கும் இலங்கைக்கும் மற்றொரு தொடர்பு உண்டு. இலங்கையிற் பிடிபட்ட ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட கொக்கிப்புழுவை ஆராய்ந்த அவர், அது புதிய இனமெனக் கண்டு, 1911ஆம் ஆண்டில் அதற்கு அன்கிலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். சிலோன் என்ற அக்காலப் பெயர் அதனுள் அமைந்துள்ளது. நாய், பூனை ஆகியவற்றின் குடலிலும் இப்புழு வாழ்வது தெளிவாயிற்று. 1913ஆம் ஆண்டில் கிளேற்றன் லேன் என்ற வைத்தியர், இந்தியாவில் மனிதரிடத்திலும் இதனைக் கண்டதாக எழுதினார். ஆயினும் பிறேசில் நாட்டில் 1910ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டிருந்த மற்றொரு புழுவும் இதுவும் ஒன்றே எனப் பலர் கருதியதால், இலங்கைப் புழு நெடுங்காலம் தனிப்பெயரின்றி மறைந்திருந்தது. 1951ஆம் ஆண்டில் பியொக்கா என்ற இத்தாலிய அறிஞர் இரண்டையும் நுணுகி ஒப்பிட்டு, அவை வெவ்வேறு இனங்களே என்று நிறுவினார்.

இவ்விடைக்காலத்திலேயே மலையகத்தில் கொக்கிப்புழு பெரும் பிரச்சினையாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரிடம் இப்புழு காணப்பட்டது. சோம்பல் என்று பழிக்கப்பட்ட சோர்வு பலருக்கு உண்மையில் குருதிச்சோகையே என்பதை நுணுக்குக்காட்டி எடுத்துக் காட்டிற்று. மலகூடங்களும் காலணிகளும் இன்றி மருந்து மட்டும் கொடுக்கப்பட்ட இடங்களில், குணமடைந்தவர் அதே மண்ணில் நடந்து மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர்.

அக்காலத்து மருந்துகளும் உண்பதற்குக் கடினமானவை. இந்நிலையில் நாயைக் கொண்டு செய்த ஆய்வொன்று உதவிக்கு வந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் மிருக வைத்தியராய் இருந்த மொறிஸ் ஹோல், காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் நாய்களின் கொக்கிப்புழுக்களை வெளியேற்றுவதை 1921ஆம் ஆண்டில் அறிவித்தார். சிறிதளவைத் தாமே அருந்தியும் பார்த்தார். மறு ஆண்டிலேயே இலங்கையில் நிக்கல்ஸ், ஹம்ப்டன் ஆகிய இருவரும் அம்மருந்தை மனிதருக்குக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். ஆனால் அது ஈரலுக்குத் தீங்கு செய்வது பின்னர் வெளிப்பட்டது. 1925ஆம் ஆண்டில் ஹோலும் அவருடைய துணைவரும் நாய்களிலே சோதித்து, அதனிலும் தீங்கு குறைந்த வேறொரு மருந்தை முன்வைத்தனர். இன்று அவ்விரண்டுக்கும் பதிலாகப் பாதுகாப்பான மாத்திரைகள் வந்துவிட்டன. எனினும் தோட்டத் தொழிலாளியின் குடல்நோய்க்கான மருந்து நாயின் குடலிற் சோதிக்கப்பட்டு வந்தது என்ற வரலாறு மறக்கத்தக்கதன்று.

மருந்துக்கு நாயை நாடிய அக்காலத்தில், நோய்க்கு நாயும் காரணமாகலாமோ என்ற வினா பெரிதாக எழவில்லை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. மனிதக் கொக்கிப்புழுவின் முட்டையும் நாய், பூனை ஆகியவற்றின் கொக்கிப்புழு முட்டையும் நுணுக்குக்காட்டியில் ஒரே தோற்றம் உடையவை. எத்துணைத் தேர்ந்த கண்ணும் அவற்றைப் பிரித்தறியாது. மனித மலத்தில் முட்டை காணப்பட்டால் அது மனிதப் புழுவினது என்றே கணக்கிற் சேர்க்கப்பட்டது.

இந்த மயக்கத்தை நீக்கியது, உயிர்களின் மரபுப் பொருளான டீ.என்.ஏ.யைப் பெருக்கிக் காட்டும் பீ.சீ.ஆர். என்னும் முறை. அமெரிக்கரான கெரி மல்லிஸ் 1983ஆம் ஆண்டில் இதன் கருத்தைக் கண்டு, 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மலத்திலுள்ள முட்டைகளின் டீ.என்.ஏ.யில் ஒரு சிறு பகுதியை வெப்பமாக்கியும் குளிரச்செய்தும் மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்கினால், அது கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருகும். கையெழுத்தைக் கொண்டு எழுதியவரை அறிவதுபோல, அப்பகுதியிலுள்ள எழுத்தமைப்பைக் கொண்டு முட்டையின் இனத்தை அறியலாம்.

இம்முறை கைவந்த பின்னர் தென்கிழக்காசிய நாடுகளிற் செய்த ஆய்வுகள் வியப்பளித்தன. தாய்லாந்திலும் மலேசியாவிலும், மனிதரிடமும் அவர்களுடைய நாய்களிடமும் அந்த இலங்கைப் பெயர் கொண்ட புழுவே காணப்பட்டது. கம்போடியாவின் கிராமமொன்றில் செய்து 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், கொக்கிப்புழுத் தொற்றுடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருந்தது இப்புழுவே. கிராமத்து நாய்களிடமும் இதுவே மிகுந்திருந்தது. மனிதக் குடலில் முழுவளர்ச்சி பெற்று முட்டையிடும் ஆற்றலுள்ள மிருகக் கொக்கிப்புழு இது என்பதால், இதன் கதை லயத்துக்கும் உரிய கதையாகின்றது.

இலங்கைத் தோட்டங்களில் 1994ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கூட்டாகக் குடற்புழு மருந்து வழங்கப்பட்டது. அதனால் நன்மை விளைந்தது. ஆயினும் அதன் பின்னர் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தி, 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குடற்புழுத் தொற்று இன்னும் அற்றுப்போகவில்லை என்பதைக் காட்டிற்று. சுகாதார வசதிக் குறைவும் மண்ணின் தொற்றும் இதற்குக் காரணங்கள். மருந்துண்ட பிள்ளையும் மருந்துண்ணாத நாயும் ஒரே முற்றத்தில் வாழ்வார்களாயின், கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை அந்த நாயின் மலத்தையும் பார்த்தாக வேண்டும். ஒரு வாசலை அடைத்து மறுவாசலைத் திறந்துவைக்கும் வீட்டில் காவல் எவ்வாறு நிலைக்கும்?

கொக்கிப்புழு மட்டுமன்றி, நாய்க்கும் பூனைக்கும் உரிய உருண்டைப்புழுவும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யவல்லது. அதன் முட்டை மண்ணிற் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும். மண் அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றில் அது பொரித்தால், இளம்புழு குடலில் தங்காமல் ஈரலுக்கும் நுரையீரலுக்கும், சில வேளை கண்ணுக்கும் சென்றுவிடும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பீவரும் அவருடைய குழுவினரும் இந்நோயைத் தெளிவாக விளக்கினர். பூனை சாம்பலிலும் மணலிலும் மலத்தைப் புதைப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமையால் இல்லை என்று கொள்வது தவறு.

மலத்தில் முட்டையோ கூடோ காணப்படாவிடின் ஆய்வுகூடத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. தடுப்பூசி ஏற்றாத குட்டி கடும் வாந்தியோடும் குருதி கலந்த கழிச்சலோடும் கிடந்தால், 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரசை வைத்தியர் ஐயுறுவார். அதனைக் காட்டும் சிறு பரிசோதனைப் பட்டை சில நிமிடங்களில் விடை தரும். நன்றாக உண்டும் நாளுக்கு நாள் மெலிந்து, பெருமளவு வெளிறிய மலம் கழிக்கும் நாய்க்குச் சதையி பழுதுற்றிருக்கலாம். அவ்வுறுப்புச் சுரக்கும் திரிப்சின் என்னும் நொதியத்தின் முன்னோடிப் பொருள் சிறிதளவு குருதியிற் கசிந்திருப்பது இயல்பு. சதையி தேய்ந்துபோனால் அதுவும் மிகக் குறைந்துவிடும். ஆகவே 12 மணி நேரம் பட்டினியிருந்த நாயின் குருதியில் அதன் அளவைக் கணித்துச் சதையியின் நிலையை அறிவர். நாய்க்கென அமைந்த பரிசோதனை பூனைக்கு உதவாது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பரிசோதனை வேண்டும்.

உயிர்ச்சத்து பி12 சிறுகுடலின் கடைப்பகுதியிலும், போலேற்று என்னும் உயிர்ச்சத்து அதன் முற்பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. குருதியில் இவற்றுள் எது குறைந்துள்ளது என்பதைக் கொண்டு, குடலைத் திறந்து பாராமலே பழுது எப்பகுதியில் உள்ளதென ஊகிக்க இயலும். இத்தகைய குருதிப் பரிசோதனைகள் எல்லா இடத்திலும் கிடைப்பன அல்ல, செலவும் மிகுந்தவை. ஆதலாற்றான் எளிய மலப் பரிசோதனையை முதலிற் செய்து, அது விடை தராத இடத்தில் மட்டும் அடுத்த படிக்கு ஏறுவது நன்முறையாகக் கொள்ளப்படுகின்றது.

மலையகத்தின் வாயிலிலேயே இதற்கான கல்வியும் ஆராய்ச்சியும் நிலைபெற்றுள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இயங்குகின்றது. அதற்கு அண்மையில் கன்னொறுவையில் மிருக ஆராய்ச்சி நிறுவகம் உள்ளது. ஊர்தோறும் அரச மிருக வைத்திய அலுவலகங்களும் உள்ளன. குறையெல்லாம் லயத்துக்கும் இவ்விடங்களுக்கும் இடையிலுள்ள தொலைவே. ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பேருந்திலே நாயை ஏற்றிச் செல்ல இயலாத தொழிலாளிக்கு, நாய் செல்லாவிடினும் மலம் செல்லலாம் என்பது ஆறுதலான செய்தி. முதற்பரிசோதனைக்கு ஒரு சிறு போத்தல் போதும். எனினும் எங்கே, எப்பொழுது கொடுப்பது என்பதை முன்கூட்டியே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

அப்போத்தலை நிரப்புவதிலும் ஒழுங்கு உண்டு. மலம் அன்றையதாக இருத்தல் வேண்டும். நெடுநேரம் வெளியிற் கிடந்தால் முட்டைகள் பொரித்து, பரிசோதனை பயனிழக்கும். மண்ணோடு சேர்த்துச் சுரண்டுதல் ஆகாது. மண்ணில் இயல்பாக வாழும் நுண்புழுக்கள் கலந்து மயக்கம் விளைவிக்கும். மேற்புறத்தில் ஒரு பாக்களவு எடுத்து, இறுக மூடி, நாயின் வயதையும் எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டவேண்டும். உடனே அனுப்ப முடியாவிடின் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம், உறையவிடுதல் கூடாது. கையுறை இல்லாவிடின் பொலித்தீன் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் அவசியம்.

பரிசோதனையின் விடை வந்தபின் வைத்தியர் கூறும் மருந்தை, அவர் கூறும் அளவிலும் நாளிலும் கொடுத்தல் வேண்டும். தாய் நாயையும் குட்டிகளையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும். முற்றத்தில் விழும் மலத்தை அன்றன்றே எடுத்து, மரக்கறிப் பாத்திக்கும் நீர் ஊற்றுக்கும் விலகிய இடத்திற் புதைத்தல் வேண்டும். பிள்ளைகளின் காலுக்குச் செருப்பும், வீட்டுக்கு ஒழுங்கான மலகூடமும் கிடைக்கச் செய்வது தோட்ட நிருவாகத்துக்கும் அரசுக்கும் உரிய கடன். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை தளர்ந்துவிடும் என்பதே 1916ஆம் ஆண்டு இயக்கம் விட்டுச்சென்ற பாடம்.

நூறாண்டுகளுக்கு முன்னர் மலையகத் தொழிலாளியின் சோர்வைச் சோம்பல் என்றவர்களின் கூற்றைப் பொய்யாக்கியது ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்த முட்டை. இன்று லயத்து வாசலில் மெலிந்து கிடக்கும் நாய்க்குட்டியை விதி என்று விட்டுவிடுமுன், அதே கண்ணாடித் துண்டை ஒருமுறை பார்த்தல் தகும். குட்டி பிழைப்பதோடு, அதன் அருகே வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைக்கும் அது காவலாகும்.